டேய் எபி, சத்தத்த கொறடா

இல்ல சார், பை மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா இந்த பஸ்சு குலுங்கற குலுக்கல்ல உள்ள இருக்கறது போயிடும். மைக்கு சார், பாடற மைக்கு. கண்டக்டர் கூட கேட்டாரு, இன்னாப்பா கொழந்தய புடிச்சிகினு இருக்கற மாதிரி உக்காந்திருக்கன்னு. கொழந்த இல்ல எங்களுக்கு. இதான்.

காவேரிப்பாக்கம் தாண்டினதுலேர்ந்து பாக்கறேன், போன்ல அந்தப் பாட்டயே திரும்பத் திரும்பப் போட்டுகினு இருக்கீங்க. நல்லாருக்கா? சும்மா சொல்லுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன். மொட்டமாடி பாட்டுதான? எனக்குத் தெரியாதா சார். அவன் நிஜப் பேரு ரோகேஷ். கொருக்குப்பேட்டப் பையன். மொட்டமாடின்ற பேர அவனுக்கு வச்சதே நான்தான்.

நான் யாரா? இப்டி ஒரு கேள்விய ஒரு காலத்துல எவனும் என்னக் கேட்டிருக்க மாட்டான். பரவால்ல, கேளுங்க. பேரு எபினேசர். எபி, எபின்னுவாங்க. "டேய் எபி, சத்தத்த கொறடா!" இப்ப தெரியுதா? ஹாங், பாத்தீங்களா, மூஞ்சி எப்டி மலந்துடுச்சு! காலேஜ்ல கத்தியிருப்பீங்களே. பஸ் டே அன்னிக்கு கூரை மேல ஏறி கத்தியிருப்பீங்க. அந்த எபி நான்தான் சார்.

அது இன்னான்னா, பாட்டு தொடங்கறதுக்கு முன்ன ஒரு பொம்பளக் குரல் கத்தும். டேய் எபி, சத்தத்த கொறடான்னு. அப்டியே கப்சிப்னு ஆவும். நீங்க சரி, நின்னுடுச்சு போலன்னு நினைக்கறப்ப டமால்னு பீட்டு எறங்கும். அதுக்கு எங்க லைன்ல டேக்குன்னு பேரு. சட்டையில கழுத்தாண்ட டெய்லர் பேரு தச்சிருக்குமே, அது மாதிரி. இந்தப் பாட்டு எபி செஞ்சதுன்னு கேக்கறவனுக்குத் தெரியணும்ல.

அப்பல்லாம் யாரு பாடினான்னு எவனும் கேக்க மாட்டான் சார். யாரு பீட்டு, யாரு அந்தத் தாளத்தப் போட்டதுன்னுதான் கேப்பான். பெரம்பூர்ல எங்க வீட்டு மாடிப்படியில காத்தாலேர்ந்து பசங்க உக்காந்திருப்பாங்க, பல் டாக்டராண்ட உக்காந்திருக்கற மாதிரி கன்னத்துல கைய வச்சிகினு. நான் ஒருத்தன உள்ள கூப்ட்டேன்னா அவன் பொழச்சான். எந்த வரி முன்ன, எங்க மூச்சு விடணும், வீடியோல எந்தச் சட்ட போடணும், எல்லாம் நான்தான் முடிவு பண்ணுவேன். ஒருத்தன் வந்து இங்கிலீசுல பாடறேன்னான். வாய மூடு, உங்கம்மா மீன் விக்கசொல்ல எப்டிப் பேசுதோ அப்டிப் பாடுன்னேன். பாடினான். ஊரே ஆடுச்சு. போஸ்டர்ல என் மூஞ்சி இவ்ளோ பெருசா இருக்கும், பாடறவன் மூஞ்சி மூலையில ஸ்டாம்பு மாதிரி. இன்னிக்கு அத சொன்னா சிரிக்கறானுங்க.

ரோகேஷு எங்க வீட்டுக்குத் தண்ணி கேன் போட வந்தவன். கேன தோள்ல வச்சிகினே படியில நின்னு என் பீட்டுக்கு ஏதோ முணுமுணுத்துகினு இருந்திருக்கான். ஜெசிந்தாதான் உள்ள வந்து சொன்னா, டேய், அந்தப் பையன் குரல்ல என்னமோ இருக்கு, கூப்ட்டுக் கேளுடான்னு. ஜெசிந்தா என் வொய்ஃபு. கேட்டேன். கேட்ட உடனே புடிச்சிட்டேன் சார். அதான் என் காது. அவன நான்தான் கண்டுபுடிச்சேன்.

அந்தக் கத்தற குரலா? அதுவும் ஜெசிந்தாதான். வேற யாரு என்னைய டேய்னு கூப்புடுவா?

அது எப்டிப் பதிவாச்சுன்னு கேளுங்க. பேட்டியில கூட இத நான் சொன்னதில்ல. ஒரு நாள் பீட்டு போட்டுகினு இருக்கேன், ஸ்பீக்கரு ஃபுல்லா வச்சிருக்கேன், மைக்கும் ஆன்ல இருக்கு. பக்கத்து ரூம்ல அவ போன் பேசிகினு இருக்கா. அவங்கப்பா அப்ப ஆஸ்பத்திரியில இருந்தாரு, நான் ஏறினேனே, அந்த ஆற்காட்டுல. இவங்க அக்கா போன்ல ஏதோ சொல்றாங்க, இவளுக்குக் கேக்கல. ரெண்டு மூணு தடவ மெதுவா சொல்லியிருக்கா போல, எனக்குக் காதுல வுழல. அப்பத்தான் கதவாண்ட வந்து கத்தினா பாருங்க! ஒரே தடவதான். அந்தக் குரல்ல ஒரு நடுக்கம் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? கடைசி 'டா'வுல லேசா ஒடையும். எத்தனப் பெரிய பாடகிய கூப்ட்டு காசக் கொட்டினாலும் அந்த ஒடைசல் வராது சார். நான் பாட்ட நிறுத்தவே இல்ல, அத அப்டியே திரும்பப் போட்டுக் கேட்டேன். புல்லரிச்சிடுச்சு. அவள கூப்ட்டு கேளு கேளுன்னு போட்டுக் காட்டினேன். அவ கேக்கற நெலமையில இல்ல, பாவம். அவங்கப்பா அன்னிக்கே போயிட்டாரு. தங்கமான மனுஷன். நான்தான் முன்ன நின்னு எல்லாம் செஞ்சேன்.

அப்புறம் என்ன, ஒவ்வொரு பாட்டுக்கும் அதான் முன்னால. கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ் ப்ரோக்ராமு. அவளையும் கூட்டிம்போனேன். மேடையில நான் ஸ்பீக்கர தொட்டேன், அவ்ளோதான், மொத்த க்ரௌண்டும் கத்துது சார், பொம்பளக் குரல்ல, அந்த ஒடைசலோட! டேய் எபி, சத்தத்த கொறடா! நான் திரும்பிப் பாக்கறேன், ஜெசிந்தா ஓரத்துல நின்னு தேம்பித் தேம்பி அழுவுறா. ஆனந்தக் கண்ணீரு. இருக்காதா பின்ன? தன் குரல ஊரே பேசுதுன்னா சும்மாவா? அன்னிக்கு நைட்டு சாப்புடக் கூட இல்ல அவ.

ஒண்ணு சொல்லணும், அவ நல்லாப் பாடுவா. சர்ச்சு கொயர்ல அவதான் முன் வரிசை. நான் அங்க கீபோர்டு வாசிச்சேன், அப்டித்தான் எங்களுக்குப் பழக்கம். கல்யாணத்துக்கப்புறம் ஒரு தடவ கேட்டா, டேய், ஒரு பாட்டுல கோரஸ் நான் பாடட்டான்னு. நான் எடுத்துச் சொன்னேன். உன் குரலு டேக்குக்குன்னு இருக்கற குரலு, அது வேற எங்கயும் கேக்கக் கூடாது, கேட்டா அதுக்கு மதிப்புப் போயிடும்னு. அவளும் சரின்னுட்டா. புரிஞ்சிக்கற பொம்பள. அப்புறம் கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் சர்ச்சுல வீடியோ எடுத்து நெட்ல போட ஆரம்பிச்சாங்க. அதனால கொயருக்கும் கொஞ்ச நாள் போவாதன்னேன். அவ நல்லதுக்குத்தான் சார். ஊர்ல ஒருத்தர் விடாம அந்தக் குரல கேக்க வச்சது யாரு? நான்தான?

யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கு ஒரு காலம் வரும்பாங்க. வந்துச்சு. மாடிப்படி காலியாவ ஆரம்பிச்சது. மொதல்ல நான் கவனிக்கல. பசங்க எங்கடான்னா, நெட்ல பீட்டு கிடைக்குதுண்ணா, எடுத்து பாடிக்கலாம்ணான்றானுங்க. எவனோ எந்த நாட்டுலயோ பெட்ரூம்ல உக்காந்துகினு பீட்டு பண்ணிப் போடறான், அவனுக்குத் தமிழும் தெரியாது, கொருக்குப்பேட்டையும் தெரியாது. அது மேல இவன் பாடறான். பீட்டு என்ன சார், பாக்கெட்டு அப்பளமா? எடுத்தமா பொரிச்சமான்னு இருக்க?

ரோகேஷும் ஒரு நாள் போன நீட்டினான். ண்ணா, இந்த பீட்ட கேளுண்ணா, நெட்ல எடுத்தேன், நீ மேல கொஞ்சம் வேல செஞ்சு குடுண்ணான்னான். நான் செஞ்ச பீட்டுல வளந்தவன், வேற எவனோ தச்ச சட்டைய கொண்டாந்து என்னாண்ட பட்டன் கட்டச் சொல்றான். வந்துதே கோவம். வெளிய போடான்னேன். அவன் நின்னு நிதானமா சொன்னான், ண்ணா, கோச்சிக்காத, இப்ப ஜனங்க பீட்டுக்காக வரல, எங்க மூஞ்சிக்காக வராங்கன்னு. ஆத்த கடக்கற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்தப்புறம் நீ யாரோ நான் யாரோ. செருப்ப மாட்டிகினு எறங்கிப் போனான். ஜெசிந்தா அவனுக்கு எடுத்து வச்ச சாப்பாடு அப்டியே இருந்துச்சு.

அப்புறம் அந்த மியூசிக் கம்பெனிப் பொண்ணு. என் கடைசிப் பாட்டுக்கு. கூப்ட்டு கம்ப்யூட்டர்ல ஏதோ கோடு காட்டுது. சார், இங்க பாருங்க, மொத சில செகண்டுலயே ஜனங்க தள்ளிவிட்டுப் போயிடறாங்க, இந்த டேக்கு வர்ற இடத்துல, எடுத்துடலாமா சார்? அதுவும் சிரிச்சிகினே கேக்குது. இன்னாமா சொல்ற, அது என் வொய்ஃபு குரலுன்னேன். ஓ, சாரி சார், அப்ப கடைசியில வச்சிக்கலாமான்னுது. கடைசியில! பொறந்த கொழந்தைக்குக் கருமாதி அன்னிக்குப் பேரு வைக்கற மாதிரி. எடுத்துட்டாங்க சார். என்னக் கேக்காமயே எடுத்துட்டாங்க.

வீட்டுக்கு வந்து சொன்னேன் ஜெசிந்தாகிட்ட. உன் குரல வெட்டிட்டாங்கடின்னு. எனக்கு அழுக வந்துடுச்சு, சொல்றதுக்கு வெக்கம் இல்ல. அவ அரிசி களஞ்சிகினு இருந்தா. அப்டியான்னா. அவ்ளோதான். அப்டியா, அவ்ளோதான் சார்.

எங்களுக்குள்ள சண்டையா? ஏன் கேக்கறீங்க, அப்டி ஒண்ணும் இல்லியே. கல்யாணமான புதுசுல தெனம் திட்டுவா. டேய் சாப்டியாடா, டேய் குளிடா, டேய் மூணு தடவ கூப்டறேன் காது இன்னா செவுடா. தெருவே சிரிக்கும். அப்புறம் போகப்போகக் கொறஞ்சிது. கடைசி ஒரு வருஷம் ஒரு வார்த்த திட்டல சார். நான் ஸ்பீக்கரு எவ்ளோ வச்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டா. அப்பாடா, வூடு அமைதியாயிடுச்சு, வேல பாக்கலாம்னு நான் நினைச்சேன். ஒரு நாள் அக்கா வீட்டுக்குப் போறேன்னு கெளம்பினா. போயிட்டு வான்னேன். பீட்டு பாதியில இருந்துச்சு, கீழ எறங்கிப் போயி பஸ்சு ஏத்திவிடல. அதுல ஒண்ணும் இல்ல, அவளுக்கு வழி தெரியும். அப்புறம் வரல. போன் பண்ணா எடுப்பா, நல்லாதான் பேசுவா. ஆனா வரல.

அப்புறம்தான் இந்தப் பாட்டு. நீங்க கேட்டுகினு இருந்தீங்களே, இதுதான். டீக்கடையில நின்னுகினு இருக்கேன், போடறான். ரோகேஷு குரலுன்னு தெரிஞ்சுது. டேக்கு வரும்னு காது தானா காத்திருக்குது சார், பழக்க தோஷம். வரல. நேரா பாட்டு. எனக்கு நெஞ்சுல யாரோ மிதிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஏத்திவிட்ட ஏணிய இப்டியா எட்டி ஒதைக்கறதுன்னு கத்தினேன். டீக்கடைக்காரரு, எபி, இன்னாபா கத்தற, கோரஸ கேளுபா, யாரு பாடறான்னு கேளுபான்றாரு.

ஜெசிந்தா சார். முழுக் கோரஸும் அவதான். நீங்க திரும்பத் திரும்பத் தள்ளிக் கேட்டுகினு இருந்தீங்களே, அந்த எடம். பாட்டோட அட்டைப்படத்துல பேரு போட்டிருக்கான், ரோகேஷு பேரும் அவ பேரும் ஒரே சைசுல. பீட்டு எவனோ ஒரு வெள்ளக்காரன். என் பேரு எங்கயும் இல்ல. நன்றி சொல்லியிருக்கானான்னு கீழ கீழ தள்ளிப் பாத்தேன், இருக்கு, தண்ணி கேன் கம்பெனி மொதலாளிக்குச் சொல்லியிருக்கான்.

நல்லாப் பாடியிருக்கான்னுதான் எல்லாம் சொல்றாங்க. நீங்களும் சொல்றீங்க. இருக்கலாம். எனக்குத் தெரியல சார், நான் அந்த எடம் வந்தா நிறுத்திடறேன். அந்தக் குரலுக்கு என்னை விட்டா வேற வார்த்த இருக்கும்னே எனக்குத் தோணினதில்ல.

சரி, விடக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். பழைய டேக்கு தேஞ்சிடுச்சு, அதான் ஜனங்க தள்ளிவிடறான். புதுசா ஒண்ணு எடுக்கணும். அதே வார்த்த, புது சத்தம். அத வச்சு ஒரு பாட்டு விட்டேன்னா மறுபடி ஆட்டம் நம்முது. அவளையும் கையோட கூட்டியாந்துடலாம். வேல ஆச்சு, வூடும் ஆச்சு. அதான் மைக்க தூக்கிகினு காத்தால ஆற்காட்டுக்கு வந்தேன்.

அவங்க அக்கா வீடு சர்ச்சுக்குப் பின்னால. ஜெசிந்தாதான் கதவத் தொறந்தா. வாங்கன்னா.

நான் திரும்பிப் பாத்தேன் சார், பின்னால யாராவது வர்றாங்களான்னு. என்னைத்தான் சொல்லியிருக்கா. வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா. வாடா போடா இல்லாம எம் பொண்டாட்டி என்கிட்ட பேசி நான் கேட்டதே இல்ல. முதல்ல எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பரவால்லியே, பிரிஞ்சி இருந்ததுல மரியாத வந்துடுச்சு போலன்னு. எங்கம்மா உயிரோட இருந்தா பாத்து மகிழ்ந்திருக்கும், புருஷன பேர் சொல்லிக் கூப்புடறான்னு அது சாவற வரைக்கும் பொலம்புச்சு.

காபி குடுத்தா. ஒடம்பு எப்டி இருக்கு, ஒழுங்கா சாப்புடறீங்களான்னு கேட்டா. விஷயத்த சொன்னேன். மூஞ்சிய சுளிக்கல சார், மாட்டேன்னும் சொல்லல. அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சுன்னு முன்னால வந்து உக்காந்துட்டா. நான் மைக்க மாட்டி, ஜன்னல மூடி, சொல்லுன்னேன். சொன்னா.

"எபி, சத்தத்த கொறைங்க."

சிரிச்சேன். ஏய், 'ங்க' இன்னாத்துக்கு, பழைய மாதிரி சொல்லுன்னேன். சரிங்கன்னா. மறுபடி சொன்னா. சத்தத்த கொறைங்கன்னுதான் வருது. டேய் எங்க, டேய் போடுன்னேன். யோசிச்சி, டேய் எபின்னா. அது எப்டி இருந்துச்சுன்னா சார், ஸ்கூல்ல கொழந்தைக்கு வேற ஒரு பாஷை சொல்லித் தருவாங்களே, அர்த்தம் தெரியாம திருப்பிச் சொல்லுமே, அப்டி இருந்துச்சு. நடுக்கம் இல்ல. ஒடைசல் இல்ல. அவளும் எவ்ளோ தடவ வேணும்னாலும் சொல்றேங்கன்றா. சொல்லிகினே இருக்கா. ஒண்ணு கூட அது இல்ல.

பாடிப் பாடிக் குரல கெடுத்துகினா போலன்னு நினைச்சேன். அப்புறம் எனக்கு ஒரு ஐடியா வந்துச்சு. ஸ்பீக்கரும் கொண்டு போயிருந்தேன். பழைய பீட்ட எடுத்து, வைக்கிற அளவுக்கு மேல வச்சேன் சார். பாத்திரமெல்லாம் அதிருது. பக்கத்து வீட்டுப் பெரியவரு கேட்டாண்ட வந்து நிக்கறாரு. அவங்க அக்கா காதப் பொத்திகினு வெளிய ஓடறாங்க. நான் மைக்க அவகிட்ட புடிச்சிகினு நிக்கறேன். இப்ப கத்துவா, இப்ப கத்துவான்னு. மனசுக்குள்ள கெஞ்சறேன் சார், கத்துடி, ஒரே ஒரு தடவ கத்துடின்னு.

அவ கைய மடியில வச்சிகினு உக்காந்திருக்கா. என்னையே பாத்துகினு. கோவமாப் பாத்தாக் கூட பரவால்ல. பஸ்சுல பக்கத்து சீட்டுக்காரர் கொழந்த அழுதா நம்ம பாப்போம்ல, பாவம்னு, அப்டி. பாட்டு முடியற வரைக்கும் பொறுமையா உக்காந்திருந்தா. முடிஞ்சுதுங்களான்னு கேட்டா.

எனக்குத் தாங்கல. மைக்க கீழ வச்சிட்டேன். ஏன்டி திட்ட மாட்டேன்ற, ஒரு வார்த்த திட்டக் கூடாதான்னு கேட்டுட்டேன். அழுதுகினேதான் கேட்டேன்.

அவ சொன்னா, "உங்கள நான் எதுக்குங்க திட்டணும்?"

நிஜமாவே புரியாமதான் கேட்டா சார். நடிப்பு இல்ல. நான் காது உள்ளவன், எந்தக் குரல்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அந்தக் குரல்ல ஒண்ணுமே இல்ல. கோவம் இல்ல, வருத்தம் கூட இல்ல. நான் தேடித் தேடிப் பாத்தேன்.

ஒயரெல்லாம் அவதான் சுத்திக் குடுத்தா. கெளம்பசொல்ல வாசல் வரைக்கும் வந்தா. போயிட்டு வாங்கன்னா. போங்கன்னு சொல்லல சார், போயிட்டு வாங்கன்னுதான சொன்னா? அதுல ஒரு வரச்சொல்றது இருக்குல்ல? ஆமா, எல்லாருக்கும் அப்டித்தான் சொல்றது. பால்காரருக்கும் அப்டித்தான் சொல்லுவா. இருந்தாலும் காவேரிப்பாக்கம் வர்ற வரைக்கும் அதையே நினைச்சிகினு வந்தேன். அப்புறம் உங்க போன்ல அந்தப் பாட்டு வந்துச்சு.

இன்னா சார்! எனக்காக பாட்ட நிறுத்த வேணாம், நீங்க கேளுங்க.

போன் அடிக்குது பாருங்க. வூடா? எடுங்க, எடுங்க. எனக்கே கேக்குதே சார் அவங்க பேசறது! மத்தியானத்துலேர்ந்து போன் எடுக்கலியா நீங்க? சாப்புடாம வேற கெளம்பிட்டீங்களா? நல்லா கேக்குறாங்க. இன்னாத்துக்கு வெக்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கறீங்க, எல்லாரும் கேக்கட்டுமே. பூந்தமல்லி தாண்டிக் கூப்புடறேன்னு சொல்லாதீங்க சார். வச்சிடாதீங்க. திட்டட்டும்.